கருடன் வீட்டுப் பழுப்புக் குஞ்சு

கிள்ளானில் நான் வேலை செய்யும் கம்பெனி, புட்டி மூடி அடிக்கும் பழைய மெஷின் ஒன்றை ஓசூர்ப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக்கு விற்றது. அதை எப்படி ஓட்டுவது, எங்கே முரண்டு பிடிக்கும், முரண்டு பிடித்தால் எங்கே தட்ட வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுக்க என்னை அனுப்பினார்கள். அந்த மெஷினோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவள் மலேசியாவிலேயே நான் ஒருத்திதான். நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். மெஷின் சேரவில்லை.

பெங்களூர் விமான நிலையத்தில் என் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் முனிராஜ், தொழிற்சாலையின் கார் ஓட்டுநர். வாசல் காவலரிடம் கன்னடம் பேசினார். போனில் அம்மாவிடம் தெலுங்கு. பெட்ரோல் போட்டவரிடம் இந்தி. என்னிடம் தமிழ். எனக்குத் தலை சுற்றியது. "உங்களுக்கு எதுங்க சொந்த பாஷை?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "வூட்ல தெலுங்கு மேடம். ஸ்கூல்ல தமிழு. பொண்டாட்டி கன்னடம். சண்டன்னா மூணும் வரும்."

எல்லை வரப்போகிறது என்று அவர் சொன்னதும் நான் பாஸ்போர்ட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போய்ப் போய் வந்த பழக்கம். எல்லை வந்தது, யாரும் எதையும் கேட்கவில்லை. கடைப் பலகைகளில் எழுத்து மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அதுவும் ஒரே வரிசையில் இல்லை. தமிழ், கன்னடம், மறுபடி தமிழ், நடுவில் தெலுங்கில் ஒரு பல் ஆஸ்பத்திரி. "எந்த இடத்துலங்க கர்நாடகா முடிஞ்சிச்சு?" என்றேன். "அது முடிஞ்சு ரொம்ப நேரமாச்சுங்க மேடம்" என்றார் முனிராஜ். பாஸ்போர்ட்டைப் பைக்குள் திரும்ப வைத்தேன்.

ஓசூரில் டீ குடிக்க நிறுத்தினார். சுண்டுவிரல் உயரத்துக் கண்ணாடி கிளாஸில், மாத்திரை விழுங்கத் தருகிற மாதிரி ஒரு டீ வந்தது. எங்கள் ஊர் மாமாக் கடையில் தே தாரிக் என்று ஆற்றிய டீ கேட்டால் குளிக்கும் அளவுக்குத் தருவார்கள். நான் அடுத்தடுத்து நான்கு கிளாஸ் குடித்தேன். கடைக்காரர் கிளாஸ்களையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லயா?" என்று முனிராஜிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

என்னைத் தங்க வைத்தது குருபரப்பள்ளியை ஒட்டிய ஒரு சிற்றூரில், கம்பெனியின் விருந்தினர் விடுதியில். முன்னால் நெடுஞ்சாலை, பின்னால் ஏரி, பக்கத்தில் பெருமாள் கோயில். மேனேஜர் போனில் பேசினார்: "மெஷின் கிருஷ்ணகிரி வந்துருச்சு மேடம். காலையில இங்க இருக்கும்." மறுநாள் காலையில் அதே மனுஷன், "வேலூர்ல நிக்குது மேடம்" என்றார். முந்தின நாள் கிருஷ்ணகிரியில் இருந்த லாரி மறுநாள் வேலூருக்கு எப்படிப் பின்னால் போகும் என்று கேட்டேன். "அதான் மேடம் எங்களுக்கும் புரியல" என்றார். சரி, குழப்பத்தில் நான் தனியாள் இல்லை என்று ஒரு நிம்மதி.

வேறு வேலை இல்லாமல் மொட்டை மாடிக்குப் போனேன். கோயிலுக்கும் விடுதிக்கும் நடுவில் ஒரு நெட்டைத் தைல மரம். அதன் உச்சிக் கவட்டையில் சுள்ளி மூட்டை ஒன்று இருந்தது. அதன் விளிம்பில் வெள்ளைத் தலையோடு ஒரு பறவை நின்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இங்கே என் பைத்தியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்கா மகள் தேவி கனடாவில் இருக்கிறாள். அங்கே வெண்தலைக் கழுகின் கூட்டில் கேமரா வைத்து, இரவும் பகலும் இணையத்தில் காட்டுவார்கள். அவள் அதன் இணைப்பை அனுப்பிவைத்ததிலிருந்து, கிள்ளானில் என் இரவுச் சாப்பாடு அந்தக் கழுகுக் குடும்பத்தோடுதான். அப்பா மீன் கொண்டுவந்து போடும். அம்மா கிழித்துக் கிழித்து ஊட்டும். நான் இங்கே சோறு பிசைவேன். குஞ்சு வளர்ந்து அம்மா அளவுக்கு ஆன பிறகும் தலை வெளுக்கவில்லை. கறுப்புப் பழுப்பாகவே பறந்து போனது. "தலை நரைக்க நாலஞ்சு வருஷம் ஆகும் சின்னம்மா" என்றாள் தேவி. அதன் பிறகு காலிக் கூட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கழுகு குருபரப்பள்ளியில் நிற்கிறது! போனில் படமெடுத்துத் தேவிக்கு அனுப்பினேன். அவளுக்கு அப்போது ராத்திரி, பதில் இல்லை. மாடியிலிருந்து முனிராஜைக் கத்திக் கூப்பிட்டேன். ஓடி வந்தவர் மரத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

"கருடன் மேடம்! காலங்காத்தால கருட தரிசனம். இன்னைக்கி மெஷின் வந்துரும் பாருங்க."

மெஷின் வரவில்லை. மாலையில் தேவியின் பதில் வந்தது. "சின்னம்மா, அது உங்க ஊர்லயே இருக்கற பறவ. கிள்ளான் ஆத்துப் பக்கம் நிமிந்து பாத்ததே இல்லயா?" கூடவே சிரிக்கும் முகங்கள் ஒரு வரிசை. வெட்கமாகப் போய்விட்டது. என் வீட்டு மாடிக்கு மேலேயே பறந்த கருடனை விட்டுவிட்டு, கடல் கடந்த கழுகைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த நாள் பொழுதெல்லாம் மாடியில்தான். விடுதிச் சமையற்காரர் ராகிக் களியும் கீரைக் குழம்பும் தந்தார். களியை மென்றேன். "மெல்லக் கூடாது மேடம், முழுங்கணும்" என்றார் முனிராஜ். முழுங்கினேன். அது தொண்டையில் நின்று யோசித்துவிட்டுத்தான் கீழே இறங்கியது.

கூட்டில் ஒரே ஒரு குஞ்சு. பெரிதாகவே வளர்ந்துவிட்டது. விளிம்பில் ஏறி நின்று சிறகை அடித்து அடித்துப் பார்க்கும். பயந்து உள்ளே குதிக்கும். கருடன்கள் இரண்டும் மாற்றி மாற்றி எதையோ கொண்டுவந்து போட்டன. எங்கிருந்து கொண்டுவருகின்றன என்பதும் தெரிந்தது. நெடுஞ்சாலையோரம் பாஷா பாய் கோழிக்கடை வைத்திருக்கிறார். தோலையும் குடலையும் கடைக்குப் பின்னால் காலி மனையில் வீசுவார். கருடன், பருந்து, காக்கை எல்லாம் அங்கே வரிசை கட்டும். நான் போய்ப் பார்த்தபோது சிரித்தார்.

"இதுங்க நம்ம ரெகுலர் கஸ்டமரு மேடம். வெள்ளத் தலக்காரரு முன்னாடி வந்தா மத்ததுங்க ஒதுங்கும். பெரிய எடம் இல்லயா?"

அன்று மாலை விடுதிக்குப் பத்திரிகை வைக்க வந்தார் கிருஷ்ணப்பா. கோயில் கமிட்டித் தலைவர். மாந்தோப்பும் ரோஜாத் தோட்டமும் வைத்திருக்கிறவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை. பெருமாள் கோயிலுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை கும்பாபிஷேகம். நான் கூட்டைப் பற்றிச் சொன்னதும் முகம் மலர்ந்தது. மூச்சு வாங்க என்னோடு மாடி ஏறினார்.

"போன கும்பாபிஷேகத்துக்கு கருடன் வரலம்மா" என்றார். "கலசத்துல தண்ணி ஊத்தறப்ப கருடன் வந்து சுத்தணும். அதான் பெருமாள் ஒத்துக்கிட்டாருன்னு அர்த்தம். ஊரே அண்ணாந்து பாத்துட்டு நின்னுச்சு. கழுத்து வலிச்சதுதான் மிச்சம். அதுக்கப்புறம் ஏரி வத்துனாலும் நானு, மாங்கா வெல வுழுந்தாலும் நானு, எவன் வூட்டுப் பொண்ணு எவனோட ஓடிப்போனாலும் நானு. 'கிருஷ்ணப்பா பண்ண கும்பாபிஷேகம், கருடனே எட்டிப் பாக்கல'ன்னு டீக்கடையில சொல்லிச் சொல்லியே என்னக் கொன்னுட்டானுங்க. இந்தத் தடவ பெருமாளே பக்கத்துல வூடு கட்டிக் குடி வெச்சுட்டாரு."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கே பாவமாக இருந்தது. சந்தோஷமாகக் குஞ்சைக் காட்டினேன்.

காட்டியிருக்கக் கூடாது. பார்த்துக்கொண்டே இருந்தவரின் முகம் சுருங்கியது. "அது பருந்தும்மா" என்றார்.

"இல்லீங்கய்யா. குஞ்சு."

"பருந்துக் குஞ்சு. பழுப்பா இருக்குது பாருங்க. கருடன் கூட்டுல பருந்து பூந்துருச்சு."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கனடாக் கழுகு, கேமரா, குஞ்சு பழுப்பாகவே பறந்து போனது, நாலைந்து வருஷக் கணக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அது கனடாக் கழுகு. இது பெருமாள் ஏறுற கருடன். ரெண்டும் எப்படிம்மா ஒண்ணாவும்?"

"அப்புறம் எதுக்குங்க கருடன் அதுக்கு ஊட்டுது?"

"காக்கா குயில் குஞ்சுக்கு ஊட்டலயா?"

இதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல். அந்த நேரத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கோழிக்கடைக்குப் பின்னால் பார்த்த பருந்துகளும் இதே பழுப்புதான். ஒருவேளை அவர் சொல்வது சரியோ? கருடனும் ஏமாறுமோ? தேவிக்கு மறுபடி எழுதினேன். அவள் எங்கோ பனிமலை ஏறப் போயிருக்கிறாள், அங்கே சிக்னல் கிடையாது என்று அக்கா பதில் போட்டாள். உலகத்தில் மலை ஏற இந்த வாரம்தானா கிடைத்தது இந்தப் பெண்ணுக்கு!

மறுநாள் மத்தூரிலிருந்து தேங்காய் பறிக்கிற ஆள் ஒருவர் வந்து இறங்கினார். இடுப்பில் கயிறு, தோளில் சாக்கு. கிருஷ்ணப்பா அழைத்து வந்திருந்தார். நான் மாடியிலிருந்து கீழே ஓடினேன்.

"கொல்ல மாட்டோம்மா, பயப்படாதீங்க" என்றார் கிருஷ்ணப்பா. "புடிச்சு ஏரிக்கரையில வுட்டுருவோம். அது பாட்டுக்குப் பொழச்சுக்கும்."

"பறக்கவே தெரியாதுங்க அதுக்கு. நாய்தான் தின்னும்!"

"கும்பாபிஷேகத்தன்னிக்கி கோபுரத்து மேல பருந்து சுத்துச்சுன்னா எம் மானம் என்னாவறதும்மா? கருடன் வர எடத்துக்குப் பருந்து வந்துச்சும்பானுங்க. சாகற வரைக்கும் சொல்லுவானுங்க."

நான் வெளிநாட்டுக்காரி. நேற்று வந்தவள். மெஷினே வராத மெஷின்காரி. இருந்தும் மரத்தடியில் போய் நின்றுகொண்டேன். முனிராஜ் மூன்று பாஷையிலும் மாற்றி மாற்றிச் சமாதானம் பேசினார். யாருக்கு எந்தப் பாஷையில் கோபம் குறையும் என்று அவருக்குக் கணக்கு இருந்திருக்க வேண்டும். ஆனால் மத்தூர்க்காரர் மரத்தின் மறுபக்கத்திலிருந்து ஏற ஆரம்பித்துவிட்டார். பாதி மரம் போயிருப்பார். ஏரிப் பக்கமிருந்து கருடன் வந்தது.

நேராக அவர் தலையில் இறங்கியது. ஒரு அடி. தலைத்துண்டு காலோடு போயிற்று. இரண்டாவது கருடன் முதுகுப் பக்கமாக வந்தது. மனுஷன் கயிற்றை விட்டுவிட்டு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சரசரவென்று இறங்கினார். நெஞ்செல்லாம் சிராய்ப்பு. துண்டு ஏரி மேல் எங்கோ போய்விட்டது.

"வேணாம் சாமி. வேற ஆளப் பாத்துக்கோங்க. கருடன் மண்டையில தட்டுன பாவத்த நான் எந்தக் கோயில்ல போயிக் கழுவறது?"

கிருஷ்ணப்பா வெளிறிப் போனார். மரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, சண்டைக்காரராக இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவராகக் கேட்டார்: "பருந்துக் குஞ்சுன்னா கருடனுக்கு எதுக்கும்மா இவ்ளோ கோவம்?"

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"காக்காவும் குயில் குஞ்சுக்காகக் கொத்தத்தான செய்யுது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "கும்பாபிஷேகத்தன்னிக்கி மரத்தடியில வெடி வெச்சு ஓட்டிருவேன். வேற வழி இல்ல" என்றார்.

அன்றே காப்புக் கட்டினார்கள். யாகசாலை எழுந்தது, ஒலிபெருக்கி கட்டினார்கள். ஊரில் அசைவம் நிறுத்தம். விடுதி அடுப்பில் முட்டைகூட வேகாது என்று சமையற்காரர் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் பாஷா பாயின் கடை சாத்தியிருந்தது. அவர் கடை வாசலில் உட்கார்ந்து தராசுத் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கிருஷ்ணப்பா சொல்லி மூடினீங்களா?"

"சொன்னாரு. சொல்லலன்னாலும் மூடிருப்பேன் மேடம். எங்க பெருநாளுக்கு அவங்க மைக்கக் கொறைக்கறாங்க. அவங்க விசேஷத்துக்கு நாம கத்தியக் கீழ வெக்கறோம். எங்க அத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

எவ்வளவு நல்ல மனுஷர்கள் என்று நெகிழ்ந்துபோய் மாடிக்கு வந்தேன். அன்று நடுப்பகலுக்குத்தான் மண்டையில் உறைத்தது. கருடன்கள் வரவில்லை. காலி மனைக்கு மேல் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு ஏரியைத் தாண்டி எங்கோ போய்விட்டன. பருந்துகளும் இல்லை. குஞ்சு விளிம்பில் நின்று கத்திக்கொண்டிருந்தது. மாலையில் ஒரு கருடன் ஓணான் போல ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து போட்டது. ஒரே வாயில் முடிந்துவிட்டது. மறுபடி கத்தல்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கருடன் வர வேண்டும் என்று ஊர் சுத்தபத்தமாக இருக்கிறது. ஊர் சுத்தபத்தமாக இருப்பதால் கருடன் ஊரில் இல்லை. இதைப் போய்க் கிருஷ்ணப்பாவிடம் யார் சொல்வது? கையில் காப்புக் கட்டிய மனுஷனிடம், "அய்யா, உங்கள் கருடன் பெருமாளுக்காக வரவில்லை, பாயின் கோழிக் குடலுக்காக வருகிறது" என்று சொல்லலாமா? முனிராஜிடம் சொன்னேன். அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

என் பெட்டியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த காய்ந்த நெத்திலி ஒரு பொட்டலம் இருந்தது. எந்த நாட்டுக்குப் போனாலும் அது இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. கதவைச் சாத்திக்கொண்டு, திருடி மாதிரி அதைப் பிரித்து, மாடிச் சுவரில் பரப்பினேன். ஊர்க் காக்கைகள் அத்தனையும் வந்து விருந்து சாப்பிட்டுவிட்டுப் போயின. சமையற்காரர் படியேறி வந்து மூக்கை உறிஞ்சினார். "என்னா மேடம் நாத்தம்?" "எங்க ஊர் மருந்துங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை. கோயிலைச் சுற்றிக் கூட்டமான கூட்டம். நாதஸ்வரத்துக்கு நடுவே, எது தமிழ் எது தெலுங்கு என்று சொல்ல முடியாதபடி ஒலிபெருக்கியில் மூன்று பாஷையிலும் அறிவிப்பு. வாசலில் பாஷா பாயின் மோர்ப் பந்தல். வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு அவரே மொண்டு மொண்டு கொடுத்தார். மோரைக் குடிக்கும்போது முனிராஜ் ஓடி வந்தார். "மேடம், மெஷின் ஃபேக்டரி கேட்டுக்கு வந்துருச்சாம்! மேனேஜர் உங்கள உடனே வரச் சொல்றாரு."

"நிக்கட்டும்" என்றேன். "இத்தன நாள் நான் நிக்கலயா?"

பட்டர் கலசத்தைச் சுமந்துகொண்டு கோபுரத்தின் மேல் ஏறினார். கிருஷ்ணப்பா கீழே நின்றார். அவர் கலசத்தைப் பார்க்கவில்லை, வானத்தைத்தான் பார்த்தார். ஊரே வானத்தைத்தான் பார்த்தது. மாசி வெயிலில் வானம் துடைத்துவிட்ட மாதிரி காலியாகக் கிடந்தது. ஒரு காக்கைகூட இல்லை. "இந்தத் தடவயும் அவ்ளோதான்" என்று எனக்குப் பின்னால் ஒருவர் கன்னடத்தில் சொல்லிச் சிரித்ததை முனிராஜ் மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அந்தச் சிரிப்பிலேயே புரிந்தது. கிருஷ்ணப்பாவின் காதிலும் விழுந்திருக்கும். அவர் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது.

அப்போது மரத்தடியில் வெடி வைத்தார்கள்.

நான் மரத்தைப் பார்த்தேன். சடசடவென்று சரம் வெடித்ததும் குஞ்சு கூட்டிலிருந்து தூக்கி எறிந்த மாதிரி வெளியே விழுந்தது. கீழே கீழே போயிற்று. நான் வாய்விட்டு அலறினேன். பக்கத்திலிருந்தவர்கள் எனக்கு அருள் வந்துவிட்டதாக நினைத்து வழி விட்டார்கள். பாதி மரத்துக்கு வந்ததும் சிறகு விரிந்தது. தடுமாறி, ஒரு பக்கம் சாய்ந்து, கூட்டத்தின் தலைக்கு மேலாக வந்து, கோபுரத்தைச் சுற்றியிருந்த சாரக் கம்பில் போய் ஒட்டிக்கொண்டது. பசி வேறு, பயம் வேறு. கத்த ஆரம்பித்தது.

"பருந்து!" என்றது கூட்டம். யாரும் கும்பிடவில்லை. கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. "ஓட்டுங்கடா அத!" என்று கிருஷ்ணப்பா கத்தினார். குரல் உடைந்துவிட்டது. இரண்டு இளவட்டங்கள் துண்டைச் சுழற்றினார்கள். ஒருவன் தேங்காய் மூடியை எடுத்து ஓங்கினான். நான் அவன் கையைப் பிடித்தேன். "அது கருடன் புள்ள தம்பி, அடிக்காத!" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று கேட்டால் இப்போதும் தெரியாது. எனக்கே நிச்சயம் இல்லை.

மேலே பட்டர் கலசத்தைச் சாய்த்தார். தண்ணீர் விழுந்தது. குஞ்சு விடாமல் கத்திக்கொண்டே இருந்தது.

ஏரிப் பக்கமிருந்துதான் வந்தது. வெள்ளைத் தலை, செம்மண் நிறச் சிறகு, தாழப் பறந்து. முதலில் காலிக் கூட்டின் மேல் ஒரு சுற்று. அங்கே குஞ்சு இல்லை. பிறகு சத்தம் வரும் திசையைத் தேடிக் கோபுரத்தின் மேல் ஒரு சுற்று, இன்னொரு சுற்று. "கோவிந்தா!" என்று எழுந்த சத்தத்தில் என் காது அடைத்துப் போயிற்று. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பின்னால் சிரித்தவரும் போட்டுக்கொண்டார். கிருஷ்ணப்பா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். நானும் அழுதேன். எங்கள் இரண்டு பேர் அழுகைக்கும் காரணம் வேறு வேறு.

கருடன் இறங்கியது. சாரக் கம்பில், குஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. காலில் இருந்ததை அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம். ஏரி மீன். ஒரு சாண் நீளம் இருக்கும், இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. அதைக் கம்போடு அமுக்கி, ஒரு துண்டு கிழித்து, பழுப்பு வாயில் வைத்தது. அடுத்த துண்டு. அடுத்த துண்டு. கனடாக் கழுகுக் கூட்டில் நான் திரையில் பார்த்த அதே ஊட்டல்.

"கோவிந்தா" பாதியில் நின்றது. நாதஸ்வரக்காரர் ஊதுவதை விட்டுவிட்டார். யாரோ மெதுவாகச் சொன்னார்கள்: "மீனுடா... கோபுரத்துல மீனு."

எல்லோரும் பட்டரைப் பார்த்தார்கள். அவர் காலிக் கலசத்தோடு, கருடனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில், அசையாமல் நின்றிருந்தார். குஞ்சையும் பார்த்தார், மீனையும் பார்த்தார். பிறகு கீழே குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பெருமாள் மொதல்ல எடுத்ததே மச்சாவதாரம்தானே. நாதஸ்வரம் எதுக்கு நின்னுது? ஊதுங்கோ!"

ஊதினார்கள்.

கூட்டம் பிரசாதத்துக்கு நகர்ந்த பிறகும் கிருஷ்ணப்பா கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மீன் தீர்ந்துவிட்டது. கருடன் போய்விட்டது. குஞ்சு சாரக் கம்பிலேயே உட்கார்ந்து மறுபடி கத்தத் தொடங்கியது. நான் பக்கத்தில் போனேன். "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "பசியா இருக்குதா அதுக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டு நாளா சரியா சாப்பிடலீங்க" என்றேன். பிறகு, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று, பாய் கடை மூடியதையும் சொல்லிவிட்டேன்.

அவர் முகத்தில் எத்தனையோ வந்து போயின. கடைசியில் விறுவிறுவென்று மோர்ப் பந்தலுக்கு நடந்தார். "பாய், கடயத் தெறங்க."

பாஷா பாய் கரண்டியைக் கீழே வைத்தார். "இன்னைக்கா? விசேஷமாச்சே. நாளைக்கி பாக்கலாங்க."

"இன்னைக்கே. கொழந்த பசிக்குதுன்னு கத்துது."

"கைல காப்பு கெடக்குது உங்களுக்கு."

"நான் தொடல. நீங்க போடுங்க. நான் அந்தப் பக்கமா திரும்பிக்கறேன்."

மெஷின் கேட்டில் நின்றது. மேனேஜர் போன் அடித்துக்கொண்டே இருந்தார். நாங்கள் நான்கு பேரும் கோழிக்கடைக்குப் பின்னால் நின்றோம். பாய் அன்றைக்கென்று ஒரு கோழியை உரித்து, தோலை வீசினார். கிருஷ்ணப்பா முதுகைக் காட்டிக்கொண்டு, நெடுஞ்சாலையில் போகும் லாரிகளைப் பார்த்தபடி நின்றார். கருடன் ஒன்று வந்து வாரிக்கொண்டு போயிற்று.

"வந்துருச்சுங்க" என்றார் முனிராஜ்.

கிருஷ்ணப்பா திரும்பவில்லை. பாய் இன்னொரு பிடியை வீசினார். எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கோபுரத்தின் பக்கமிருந்து, அடித்துப் பிடித்து, இறங்கத் தெரியாமல் மண்ணில் விழுந்து, பழுப்பு ஒன்று வந்தது.

"அதுவா?" என்று திரும்பாமலே கேட்டார் கிருஷ்ணப்பா. "சின்னதா? எடுத்துச்சா?"

"எடுத்துச்சுங்க" என்றேன்.

லாரிகளைப் பார்த்தபடியே இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.